வடைச்சட்டியும் என் ரத்தப் பரிசோதனையும்

குழுக்கடன் வாங்கி சாணார்பட்டியில் வடைக்கடை போட்டவள் நான்.

‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் பிரஷர் பார்க்க வந்த நம்ம குழுப் பிள்ளைதான் ரத்தம் கொடுக்க அனுப்பிவைத்தது. கெட்ட கொழுப்பு 178. சுகர்க்காரியான எனக்கு 100-க்குள் இருக்கணுமாம். “பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் இல்லைன்னுதானே போட்டிருக்கு?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரிச்சாங்க. எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படி கிடையாதாம். பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்குற பாமாயிலில் அது பாதிக்குப் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். அது கூடினால், ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை ஈரல் இழுத்துக்கொள்வது குறையும்.

சாயங்காலம் மிஞ்சின வடைதான் என் ராச்சாப்பாடு. அதை விட்டேன். வீட்டுக்குக் கடலை எண்ணெய், ஆளுக்கு மாசம் அரை லிட்டர். காலையில் கம்பங்கூழ், ராத்திரி கொள்ளு, அவரைக்காய். இவற்றின் நார் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும். புதுப் பித்தநீர் செய்ய ஈரல் கொலஸ்ட்ராலைத்தான் எடுக்கும்.

ஒரு தப்பும் செய்தேன். பூண்டு போதும் என்று மூணு வாரம் மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரம்மா திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கு. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்துதான் நாலு மாசத்தில் 118. இன்னும் இறங்கணும்.

கடையில் இப்போ சுட்ட எண்ணெயை மறுநாளுக்கு வைக்கிறதில்லை. வடைக்கு ஒரு ரூபாய் ஏற்றினேன். ரெண்டு வாடிக்கைக்காரர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒருத்தர் திரும்பி வந்துட்டார்.