ராம்கங்கைக் கரையில்

தில்லியிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டால் விடியற்காலையில் ராம்நகர் வந்து சேரலாம். இமயத்தின் அடிவாரம் சமவெளியைத் தொடும் இடம் அது. உத்தராகண்ட மாநிலத்தின் நைனித்தால் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரின் பெயரைக் கேட்டதும் நம்மவர் இராமபிரானை நினைப்பது இயல்பு. ஆனால் 1856 முதல் 1884 வரை குமாவுன் பகுதியின் கமிஷனராக இருந்த ஹென்றி ராம்சே என்ற ஆங்கிலேயர் நிறுவிய ஊர் இது என்றும், அவர் பெயரையே இது தாங்கி நிற்கிறது என்றும் சொல்வர். கார்பெட் தேசியப் பூங்காவுக்குச் செல்வோர்க்கு இதுவே தலைவாயில். அந்தப் பூங்காவையும், அதனூடே ஓடும் ராம்கங்கை ஆற்றையும் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் 'பூங்கா' என்னும் சொல் இவ்விடத்தில் சிறிது உறுத்தத்தான் செய்கிறது. பூங்கா என்றால் பாத்தி கட்டிய மலர்ச்செடிகளும், மாலையில் அமர்ந்து காற்று வாங்கும் பலகைகளும் நினைவுக்கு வரும். இங்கே இருப்பதோ வானளாவிய சால மரங்கள் அடர்ந்த பெருங்காடு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதனைச் சேர்ந்த புலிக் காப்பகத்தில் 260 புலிகள் வாழ்கின்றன. எனினும் வேறு சொல் வழக்கில் இல்லாமையால் பூங்கா என்றே நாமும் சொல்லுவோம்.

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இதுவே. 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இது நிறுவப்பட்டபோது, ஐக்கிய மாகாணத்தின் முன்னாள் கவர்னர் மால்கம் ஹெய்லியின் பெயரால் வழங்கியது. விடுதலைக்குப் பின் சிறிது காலம் ஆற்றின் பெயரால் ராம்கங்கைப் பூங்கா என்றாயிற்று. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்று, பின்னர் புலிகளைக் காக்க வேண்டும் என்று வாதாடிய ஜிம் கார்பெட் 1955இல் கென்யாவில் மறைந்தார். அதன்பின் அவர் பெயர் இடப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று 'புலித் திட்டம்' தொடங்கப்பெற்றதும் இவ்வனத்தில்தான்.

தன்கடி என்னும் வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே நுழைந்தால், டிகாலாவை நோக்கி ஒரு மண்பாதை செல்கிறது. காட்டுக்குள் கால்நடையாகத் திரிய அனுமதி இல்லை. வழிகாட்டி ஒருவருடன் வண்டியிலேயே செல்ல வேண்டும். வழியெங்கும் உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடைகள் குறுக்கிடுகின்றன. 'ஸோத்' என்று இவற்றை அழைக்கிறார்கள். மழைக்காலத்தில் சீறிப் பாயும் இவை, நாம் சென்ற குளிர்காலத்தில் வறண்டு கிடந்தன. இடையிடையே பாதை உயர்ந்து, மரங்கள் விலகி, கீழே ராம்கங்கை தென்படுகிறது. இந்த ஆறு பனிமுடியில் பிறந்ததன்று. தூதாதோலி மலைத்தொடரில் தோன்றி, மழைநீராலும் ஊற்றுநீராலும் வளர்ந்து, கன்னோசிக்கு அருகே கங்கையில் கலக்கிறது. தெளிந்த மடுக்களில் பெரிய மாசீர் மீன்கள் எதிர்நீச்சலிட்டு நிற்பதையும், மணல் திட்டுகளில் நீண்ட மூக்குடைய கரியால் முதலைகள் வெயில் காய்வதையும் மேலிருந்தே காணலாம்.

வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டார். தொலைவில் புள்ளிமான் ஒன்று குரல் கொடுத்தது. மரத்தின்மேல் ஒரு குரங்கு அதற்கு மறுமொழி போல் இருமியது. புலி நடமாடுவதை இவ்வாறு ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளுமாம். கால் மணி நேரம் காத்திருந்தோம். புலி வரவில்லை.

அந்தப் பாதையின் முடிவில் டிகாலாவின் புல்வெளி விரிகிறது. காட்டின் இருளிலிருந்து வெளிவருவோர்க்கு அந்த ஒளியும் பரப்பும் வியப்பூட்டும். ஆளுயரப் புல், அதில் மான் கூட்டங்கள், அப்பால் நீர்ப்பரப்பு, அதற்கும் அப்பால் நீலமலை. மனிதன் கைபடாத இயற்கை என்று இதைக் காண்போர் கருதுவர். வழிகாட்டிகளோ இதனைச் 'சௌர்' என்கிறார்கள். இத்தகைய சௌர்களுள் பல முன்னாளில் மக்கள் குடியிருந்து பயிரிட்ட நிலங்கள். பாட்லி தூன் எனப்படும் இப்பள்ளத்தாக்கில் மரங்கள் வரைமுறையின்றி வெட்டப்படுவதைக் கண்ட ராம்சே, காட்டைக் காக்க ஒரு திட்டம் வகுத்தார். 1861-62 வாக்கில் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிகளில் உழவும், மேய்ச்சலும், மரவெட்டும் தடுக்கப்பட்டன. உழவர் போயினர்; வயல் புல்லாயிற்று; புல்லைத் தேடி மான் வந்தது; மானைத் தேடிப் புலி வந்தது. இன்றும் வனத்துறையினர் பராமரிக்காவிட்டால் இப்புல்வெளிகளுள் பலவற்றைக் காடு மெல்ல மெல்ல மூடிவிடும்.

ராம்சேயின் தடை இல்லையேல் இக்காடு ரயில் பாதைக் கட்டைகளாகவும் சமவெளி வீடுகளின் உத்தரங்களாகவும் முடிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்கள் பெயர் தெரியாத குடியானவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1990களில் பூங்காவின் தென்புறத்திலிருந்த ஜிர்னா முதலிய சிற்றூர்களும் அவ்வாறே இடம் பெயர்க்கப்பட்டன. இன்று சுற்றுலா வண்டிகள் செல்லும் பகுதிகளுள் ஒன்றாக மட்டுமே ஜிர்னாவின் பெயர் நமக்குக் கிடைக்கிறது.

மனிதர் விலை கொடுத்தது போலவே காடும் ஒருமுறை கொடுத்தது. டிகாலாவிலிருந்து நாம் காணும் அந்த நீர்ப்பரப்பு, இயற்கையாய் அமைந்த ஏரியன்று. பூங்காவின் தென்மேற்கே காலாகட் என்னுமிடத்தில் ராம்கங்கையின் குறுக்கே 128 மீட்டர் உயரமுள்ள அணை கட்டப்பட்டு 1974இல் நிறைவுற்றது. பாசனமும், 198 மெகாவாட் மின்சாரமும், வெள்ளத் தடுப்பும் அதன் பயன்கள். தில்லி மாநகரின் குடிநீருக்கு ஒரு பங்கு உதவுவதும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதற்காகப் பள்ளத்தாக்கின் வளமான புல்வெளிகளுள் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்களும் அறுபட்டன. தில்லியில் குழாயைத் திறந்து நீர் பிடிக்கும் நாம், இக்காட்டுக்கு முற்றிலும் அயலாரல்லர்.

கோடையில் வருவோர்க்கு மற்றொரு காட்சி காத்திருக்கிறது. வெயில் ஏற ஏற நீர்த்தேக்கம் வற்றி ஒதுங்கும். வெளிப்பட்ட ஈர நிலத்தில் இளம்புல் தளிர்க்கும். அதை மேய ஏப்ரல், மே மாதங்களில் யானைகள் கூட்டங்கூட்டமாக, குட்டிகளுடன் வந்து சேரும். இழந்த புல்வெளியில் ஒரு பகுதியை ஆண்டுக்குச் சில மாதங்கள் ஆறு அவற்றுக்குத் திருப்பித் தருகிறது. மழை தொடங்கியதும் மீண்டும் அதை எடுத்துக்கொள்கிறது.

மனிதரும் விலங்கும் அருகருகே வாழ முயன்ற கதையையும் காண விரும்புவோர், ராம்நகரிலிருந்து காலாடூங்கிக்குச் செல்ல வேண்டும். கார்பெட் குளிர்காலங்களில் தங்கிய வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. அருகே சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூர். 1915இல் அந்நிலத்தை வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றிய கார்பெட், காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காக்க ஊரைச் சுற்றிக் கற்சுவர் ஒன்று எழுப்பினார். 1947இல் அவர் இந்நாட்டை விட்டுச் சென்றார்; ஊர் நிலைத்தது. இங்கே நாம் வண்டியை விட்டிறங்கி நடக்கலாம். வயல்களினூடே ஊரார் அமைத்த நடைபாதை அந்தச் சுவரை ஒட்டிச் செல்கிறது. சுவருக்கு இப்புறம் கோதுமை, அப்புறம் காடு. பயிரை மேயப் பன்றியும் மானும் வருவதும், இரவில் காவல் இருப்பதும் இங்கே பழங்கதையல்ல, அன்றாட வாழ்க்கை. காட்டின் அயலில் வாழ்வதன் சுமையை நாடு முழுவதற்குமாக இவர்கள் சுமக்கிறார்கள். அந்தச் சுமையில் நியாயமான பங்கை நாம் ஏற்காதவரையில், எந்தச் சட்டமும் புலியை நெடுநாள் காக்க இயலாது.

டிகாலாப் பகுதி நவம்பர் நடுவிலிருந்து ஜூன் நடுவரை திறந்திருக்கும். தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுதல் நலம். புலியைக் கண்டால் மகிழுங்கள். காணாவிடினும் பயணம் வீண் என்று எண்ணாதீர்கள். உடன் வரும் வழிகாட்டிகளுள் பலர் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். இந்தச் சௌரில் முன்பு இருந்த ஊர் எது, இப்பாதையில் முன்பு நடந்தவர் யாவர் என்று அவர்களைக் கேளுங்கள். நாம் கேட்டபோது, புலியின் காலடியைக் காட்டிய அதே ஆர்வத்துடன், புல்லிடையே ஒரு பழைய மாமரத்தைச் சுட்டிக்காட்டினார் ஒருவர். "காட்டு மரமல்ல இது, யாரோ நட்டது," என்றார்.