பனிக்காலத்துத் தாய்மார்



தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த எனக்கு அப்பழமொழி நெடுங்காலம் வெறும் வாய்ப்பேச்சாகவே இருந்தது. எங்கள் ஊர்ப் பனி வேலிக் கிளுவையின் இலைகளை நனைத்துவிட்டு, வெயில் ஏறியதும் சொல்லாமற் போய்விடும் விருந்தாளி. ஆசிரியையாக நுவரெலியா மாவட்டத்துக்கு வந்த பின்னரே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரிலே, சனவரி, பெப்ரவரி மாதங்களிற் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்து கிடக்கும். நெருப்புப் பட்டாற் போலத் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். எங்கள் பாடசாலை அந்நகருக்குச் சற்றுக் கீழே, ஒரு தோட்டத்தின் நடுவே உள்ளது. அங்கே உறைபனி அரிது, குளிர் அரிதன்று.

அக்குளிரிலே வயிற்றிற் பிள்ளையைச் சுமக்கும் தாய்மாரைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன். நான் வைத்தியரல்லேன், தமிழும் வரலாறும் படித்துப் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியை. ஆதலால் நான் சொல்பவை பெரும்பாலும் காதாற் கேட்டவை. கேட்ட இடம் எங்கள் பாடசாலை மண்டபத்தின் பின்வாங்கு.

கர்ப்பிணித் தாய்மாருக்கான மாதாந்தக் கிளினிக் நடைபெற்றுவந்த கட்டடத்தின் கூரை ஒழுகத் தொடங்கிய பின்னர், மாதத்தில் ஒரு நாள் எங்கள் மண்டபத்தைத் தருமாறு குடும்பநல உத்தியோகத்தரான அம்மையார் கேட்டார். தோட்டத்துப் பெண்கள் அவரை 'மிட்வைஃப் அம்மா' என்பர். நான் இசைந்தேன். முழு மனத்தோடு இசைந்தேன் என்று சொல்ல மாட்டேன். மண்டபத்தை ஒட்டியதே பத்தாம் வகுப்பு. முதல் நாளே அங்கே எழுந்த பேச்சும் சிரிப்பும் கணித ஆசிரியரின் குரலை அமிழ்த்திவிட்டன. இவர்களை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நான் அங்கே சென்றேன். சென்றவள், ஏனோ, கதவண்டை நின்றுவிட்டேன்.

பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள், தோளிலிருந்து முழங்கால் வரை கம்பளியாற் போர்த்துக்கொண்டு, ஒருவரோடொருவர் நெருங்கி அமர்ந்திருந்தனர். வாங்கின் இரு முனையிலும் இடம் வெறுமையாக இருந்தது. நெருங்கி அமர்ந்தாற் சூடு மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. சிலர் அன்று வேலைக்குப் போகாமல் வந்தவர். சிலர் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தவர். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்ற கவலை அவர்கள் கால்களிலே தெரிந்தது.

அவர்கள் பேசியவை எவை? பெரிய செய்தி ஒன்றுமில்லை. இராத்திரி எத்தனை தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. எழும்பினால் லயத்துக்கு வெளியே மலசலகூடத்துக்குப் பனியிலே நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அஞ்சியே மாலை ஆறு மணிக்குப் பின் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள் ஒருத்தி. "அடியே, அப்படிச் செய்யாதே. போன மாசியிலே நான் அப்படித்தான் செஞ்சேன். நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோட ஆஸ்பத்திரியிலே அஞ்சு நாள் கிடந்தேன்" என்றாள் மற்றொருத்தி. மிட்வைஃப் அம்மா தலைநிமிர்ந்து, அது முற்றும் உண்மை என்றார். கருவுற்ற காலத்திலே சிறுநீர்ப் பாதையில் நோய்க்கிருமி தொற்றுவது எளிது. அதனைக் கவனியாது விட்டால் நாள் நிறையுமுன்னரே பிரசவ வலி தொடங்கக்கூடும். குளிரிலே தாகம் தோன்றுவதில்லை. தோன்றாவிட்டாலும் உடலுக்குத் தண்ணீர் வேண்டும். இவ்வளவையும் அவர் முன்னரே பல தடவை சொல்லியிருக்கிறார். எனினும் ஐந்து நாள் ஆஸ்பத்திரியிற் கிடந்தவள் சொன்னபோதுதான் அந்த இளம்பெண்ணின் முகம் மாறிற்று. "இனி அத்தையை எழுப்பி, கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள்.

தேநீரைப் பற்றிய பேச்சு என்னை வியக்கச் செய்தது. குளிர்காலத்திலே தேநீரின்றி மலைநாட்டில் வாழ்க்கை ஏது? காலையிலே ரொட்டியுடன் சாயத் தண்ணீர், மலையிலே போத்தலிற் சாயத் தண்ணீர், மாலையில் அடுப்படியிலே மறுபடியும் அதுவே. ஆனால் இரத்தச் சோகைக்காகக் கிளினிக்கிற் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை உடல் ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுப்பதும் அதே தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளே. உணவிலுள்ள இரும்புச் சத்தையும் அது தடுக்கிறது. உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கும் கைகளுக்கு இப்படியொரு சோதனை! மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் ஒரு தாய் இதற்குத் தான் கண்ட வழியைச் சொன்னாள். மாத்திரையை இரவில், சோறு உண்டு நெடுநேரம் சென்றபின், தேசிக்காய் பிழிந்த இளஞ்சூட்டுத் தண்ணீரோடு விழுங்குவாளாம். தேநீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டாளாம். புளிப்பு இரும்புச் சத்து உடலிற் சேர்வதற்குத் துணை செய்யும் என்பதை அவள் எந்தப் பாடநூலிலும் படித்தவளல்லள். மிட்வைஃப் அம்மா சொன்னதைத் தன் அடுப்படிக்கும் தன் நேரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டாள், அவ்வளவே. கல்சியம் மாத்திரையை அதனோடு சேர்த்து விழுங்கக்கூடாது, வேறு நேரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். அன்று அவளைச் சுற்றியிருந்த பெண்களின் கவனத்தை என் வகுப்பிலே கண்டிருப்பேனாயின் பெரிதும் மகிழ்ந்திருப்பேன்.

பெண்கள் கூடிப் பேசுவதெல்லாம் நன்மையே என்று நான் சொல்ல வரவில்லை. அதே வாங்கிலே, பிள்ளை பெரிதாக வளர்ந்தாற் பிரசவம் கஷ்டமாகும், ஆகையால் எட்டாம் மாதத்திலிருந்து அரை வயிறு உண்ண வேண்டும் என்று ஒரு முதியவள் தன் மருமகளுக்குப் புத்தி சொல்லியதையும் கேட்டேன். மருமகளுக்குக் கிடைக்கும் திரிபோஷாவையும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் பங்கிட்டாகிவிட்டதாம். 1973ஆம் ஆண்டு தொடக்கம் நம் நாட்டிற் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் சத்துமா அது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அதுவும் கிடைக்காமற் போன மாதங்களை எம் தாய்மார் மறக்கவில்லை. அம்முதியவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும், "ஆச்சி, நானும் மூத்தவனுக்கு அப்படித்தான் பட்டினி கிடந்தேன். ரெண்டு கிலோ கூட இல்லாமப் பொறந்தான். இன்னைக்கும் பனி வந்தா அவனுக்கு நெஞ்சு இரைக்குது" என்றாள். பிறக்கும் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சுவரிலே ஒட்டிய படம் சொல்கிறது. அந்தப் படத்தை ஆச்சி பார்க்கவில்லை. அவள் பார்த்தது அந்தத் தாயின் முகத்தை.

யாழ்ப்பாணத்திலே நாங்கள் கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து அரைத்த சரக்கைப் பிள்ளை பெற்றவளுக்குக் கறியாக்கிக் கொடுப்போம். பிள்ளை பிறக்குமுன் அவளுடைய உணவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டோமா என்பதை இப்போது எண்ணிப் பார்க்கின்றேன். என் தாயார் என்னைச் சுமந்த காலத்தில் என்ன உண்டார் என்று நான் கேட்டதேயில்லை.

புகையைப் பற்றியும் ஒரு சொல். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் இறுக மூடி, உள்ளே விறகடுப்பை எரியவிட்டு, அதன் அருகிலே பாயை விரித்துப் படுக்கும் வழக்கம் லயத்துக் காம்பராக்களில் உண்டு. குளிருக்கு அது இதமே. ஆனால் அப்புகை தாயின் மூச்சில் மட்டும் நிற்பதில்லை, கருவிலுள்ள பிள்ளையின் வளர்ச்சியையும் குறைக்கிறது. படுக்குமுன் தணலை வெளியே இஸ்தோப்புக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அவித்துவிட வேண்டும் என்று மிட்வைஃப் அம்மா சொல்லுகையில், "அப்புறம் குளிருக்கு என்ன செய்ய?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கேள்விக்கு அவரிடமும் முழு விடை இல்லை. இன்னொரு கம்பளி வேண்டும். கூரைத் தகரத்தின் ஓட்டையை அடைக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும்.

பணம் என்றவுடன் மகப்பேற்றுச் சகாயத்தின் கதை நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எனினும் நெடுங்காலம் முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள் லீவும், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாளும் என்றே இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாளே. மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் அந்தத் தாய், பிள்ளைக்கு ஆறு கிழமை ஆகுமுன்னரே மாசிப் பனியிலே பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டுமே என்று கலங்கிக்கொண்டிருந்தாள். சட்டம் மாறியதை அவளுக்குச் சொன்னது அதிகாரியுமன்று, அதிபராகிய நானுமன்று. கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து திரும்பிய ஓர் இளம்பெண்.

இனி, நான் சொல்ல நாணும் செய்தியொன்றைச் சொல்கிறேன். எங்கள் பத்தாம் வகுப்பிலே நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி அப்பனிக்காலத்திலே மூன்று கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. வந்த நாட்களிலும் பத்து மணிக்குப் பிந்தியே வந்தாள். தாயை அழைப்பித்தேன். ஏழு மாத வயிற்றோடு ஏற்றத்தை ஏறி மூச்சிரைக்க வந்தவளை நான் இருக்கையில் அமரச் சொல்லவும் மறந்தேன். பெண் பிள்ளையின் படிப்பைப் பாழாக்குகிறீர்கள், வீட்டு வேலைக்கு அவள்தானா அகப்பட்டாள் என்று கடுமையாகப் பேசினேன். அவள் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. "அனுப்புறேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த கிளினிக் நாளிலே வாங்கிற் பேசிக்கொண்டவர்கள் வாயிலாகவே மிகுதி எனக்குத் தெரிந்தது. அவர்கள் லயத்துக்குத் தண்ணீர்க்குழாய் கீழே, 60 படிகளுக்கு அப்பால் இருக்கிறது. மார்கழியில் ஒரு வைகறை, பாசி பிடித்த படியிற் பனி நனைந்திருக்க, குடத்தோடு அவள் வழுக்கி விழுந்தாள். சிறிது இரத்தம் போயிற்று. பிள்ளை தங்க வேண்டுமாயின் பாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கணவன் கொழும்பிலே கடையொன்றில் வேலை, மாதத்துக்கொருமுறை வருவான். எனவே காலையில் ஆறு குடம் தண்ணீரும், விறகும், தம்பிக்குச் சோறும் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலைமேல் விழுந்தன. அவள் பாடசாலைக்கு வராத ஒவ்வொரு நாளும் தன் தாயையும் பிறவாத ஓர் உயிரையும் காத்துக்கொண்டிருந்தாள். நானோ வரவுப் பதிவேட்டிலே சிவப்பு மையாற் கோடிட்டுக்கொண்டிருந்தேன்.

1935ஆம் ஆண்டில், மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய காலத்தில், நம் நாட்டிலே ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். கோவிட் காலத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை நாற்பதுக்குக் கீழேயே நின்றிருக்கிறது. இவ்வெற்றி வைத்தியசாலைகளாலும், 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையாலும், வீடு வீடாக நடக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களாலும் வந்தது என்று மாணவர்க்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அதிலே தண்ணீர்க் குடம் தூக்கிய பிள்ளைகளின் பங்கை நான் சேர்த்ததில்லை.

என் செயலுக்கு வருந்தி, அந்தத் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்யலாம் என்று நான் யோசித்து முடிக்குமுன்னரே வாங்கிலிருந்த பெண்கள் முடிவு செய்துவிட்டனர். லயத்திலுள்ள எட்டு வீட்டாரும் முறை வைத்து, தமக்கெடுக்கும்போது அவளுக்கும் ஒரு குடம் கொண்டுவந்து வைப்பதென்று ஏற்பாடு. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மட்டும் முறையில் இல்லை. அவர்கள் தம்பிக்குச் சோறு கொடுப்பர். நான் செய்தது மிகச் சிறிது: அம்மாணவி இரண்டாம் பாடத்துக்கு வரலாம் என்று அனுமதித்து, விடுபட்ட பாடங்களை மாலையில் இரண்டு ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்க ஒழுங்கு செய்தேன்.

மாசிக் கடைசியில் ஒரு நள்ளிரவிலே அவளுக்கு வலி கண்டது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் பெருந்தெரு வரைதான் வர முடிந்தது. அங்கிருந்து லயம் வரையுள்ள தோட்டப் பாதை அதற்கு இடங்கொடாது. கம்பளியிற் சுற்றி, நாற்காலியில் இருத்தி, நால்வர் அவளைச் சுமந்து இறங்கினர். மகள் முன்னாலே விளக்குப் பிடித்துச் சென்றாள். விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

கணிதத்திலே அம்மாணவிக்கு அந்தத் தவணை எதிர்பார்த்த புள்ளி வரவில்லை. அடுத்த தவணையில் ஓரளவு மீண்டாள். அவள் தாய் இப்பொழுதும் கிளினிக் நாளில் எங்கள் மண்டபத்துக்கு வருகிறாள், குழந்தையை நிறுப்பதற்கு. புதிதாகக் கருவுற்றவர்களிடம் அவள் முதலிற் கேட்கும் கேள்வி, "உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேயிருந்து எடுக்கிறீங்க?" என்பதே. தோட்டத்து இளைஞர்கள் சிரமதானமாக அந்த 60 படிகளின் பாசியைச் சுரண்டி, ஒரு பக்கத்துக்குக் குழாய்க் கம்பியாற் கைப்பிடியும் போட்டுவிட்டனர். மேல் வரிசை லயத்தின் படிகளுக்கு இன்னும் கைப்பிடி இல்லை. கம்பி வாங்குவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த மார்கழிக்கு முன் போட்டுவிட வேண்டும். அவ்வரிசையிலே இப்போது இருவர் கருவுற்றிருக்கின்றனர்.