பெயரில்லாச் சொல்லுக்குப் பொறுப்பாளி யார்?

(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மொட்டைக் கடிதம் நமக்குப் புதிதன்று. நிச்சயமான திருமணத்தைக் குலைத்த கடிதங்களை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். அது ஓரிரு வீடுகளோடு நின்றது. இன்று அதே அவதூறு இணையதளத்தில் முகமற்றவரால் எழுதப்பட்டு, கடல் கடந்த உறவினரையும் நொடியில் எட்டுகிறது. எழுதியவர் யாரெனத் தெரியாதபோது, இடம் கொடுத்தவரை என்ன செய்வது?

நம் நாட்டுச் சட்டம் தடுமாறியே இதற்கு வழி கண்டது. 2004ஆம் ஆண்டு பாஸி டாட் காம் என்னும் ஏலத் தளத்தில் பயனர் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்தார். தளத்தின் தலைமை நிர்வாகி கைது செய்யப்பட்டார். பிறர் செய்ததற்கு இவர் சிறை செல்வதா என்ற விவாதம் எழுந்தது. 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, உரிய கவனத்துடன் நடக்கும் தள உரிமையாளருக்குப் பாதுகாப்பு அளித்தது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பின்னும் நீக்காவிட்டால்தான் அப்பாதுகாப்பு போகும் என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வந்து குவியும் புகார்களில் எது நியாயம் என்று தளங்களே தீர்ப்பளிக்க இயலாது என்பது காரணம். சரியான காரணம்தான். ஆனால் வழக்காட வசதியற்ற ஏழைப் பெண்ணுக்கு, ஆணை வரும்வரை யார் துணை?

மார்க்கம் இங்கே சட்டத்தைவிடக் கண்டிப்பானது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு இட்டுக்கட்டப்பட்ட வேளையில், புனைந்தவனை மட்டுமன்று, கேட்டதை நாவால் பரப்பியோரையும் அந்நூர் அத்தியாயம் கண்டித்தது. ஹதீஸ் கலையில், அறிவிப்பாளர் வரிசையில் இன்னாரென அறியப்படாத ஒருவர் இருந்தாலே அச்செய்தி பலவீனமாகிறது. பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரால் வரும் செய்திக்கே இச்சோதனை எனில், அண்டை வீட்டாரின் மானத்தைப் பற்றிய செய்திக்கு?

அதற்காக முகம் மறைப்போர் யாவரும் அவதூறுகாரர் என்று நான் சொல்ல மாட்டேன். வக்ஃபுச் சொத்துக் கணக்கில் முறைகேட்டைக் கண்டவர் அஞ்சிப் பெயர் மறைக்கலாம். (நிர்வாகிகள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள், கோபிக்க வேண்டாம்!) அவருடைய பெயர் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து, வெளியே மறைக்கப்படுவதே நடுவழி.

நம் ஜமாஅத் தொடங்கவிருக்கும் இணையதளத்திலும் இவ்வழியே நடக்கட்டும். 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்வதுபோல, முறையீடு கேட்பவரின் பெயரும் தொடர்பு விவரமும் அதில் இடம்பெறட்டும். குடும்ப மானம் பற்றிய எதுவும் விசாரணைக்கு முன் வெளிவர வேண்டாம். இப்பொறுப்பை ஏற்க இருவரை நிர்வாகக் குழு இக்கூட்டத்திலேயே நியமிக்க வேண்டுகிறேன். வஸ்ஸலாம்.