லைன் என்னும் சொல்

கோடு என்று பள்ளியில் நாம் பயின்ற ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல், வட ஆர்க்காட்டிலிருந்து ஜீவனோபாயம் தேடி வந்த தங்கச் சுரங்கத் தொழிலாளர் வரிசை வரிசையான சிறு வீடுகளில் குடியேறிய காலந்தொட்டு, கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் வீடு, தெரு, சுற்றம் யாவற்றையும் குறிக்கலாயிற்று. ‘எந்த லைன்?’ என்பது அங்கே ‘எந்த ஊர்?’ என்பதற்குச் சமானம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்ததும் லைன் வழியேதான். பங்காருப்பேட்டையிலிருந்து ரயில் வருவதும் லைனில்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ இச்சொல்லே ‘லயம்’ என்று தமிழுருக் கொண்டது. சங்கீதத்தில் இன்பந்தரும் அப்பதம், ஒற்றை அறையில் ஒரு குடும்பமே ஒடுங்கிய துயரத்திற்குப் பெயராயிற்றே என்று என் நெஞ்சம் வேதனையுறுகிறது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. விடியலில் பெங்களூருக்கு ரயிலேறும் பேரப்பிள்ளைகளின் விலாசத்தில் லைன் இன்னும் இருக்கிறது.