தாய்க்குத் தெரிந்தால் மட்டும் போதுமா?

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பிள்ளை உணவு பற்றிய கூட்டத்துக்கு ஆண்களை ஏன் அழைத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். காரணம் உண்டு.

சென்ற முறை எடை பார்த்த நாளில் ஓர் இளம் தாய் வந்தார். பட்டம் படித்தவர். பத்து மாதப் பிள்ளையின் எடை வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பகுதியில் இருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு பாலோடு பருப்புச் சோறு, முட்டை, கீரை என்று நாம் சொல்ல வந்ததை அவரே சொன்னார். "பிறகு ஏனம்மா கொடுக்கவில்லை?" என்றோம். "முட்டை சூடு என்று மாமி விடமாட்டேங்கிறாங்க. டீயில் பிஸ்கட் நனைச்சுக் கொடுக்கிறோம்" என்றார்.

மாமியைக் குறை சொல்லவில்லை. அவர் பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அறிவு ஒருவரிடமும், அடுப்பு இன்னொருவரிடமும், பணம் மூன்றாமவரிடமும் இருந்தால் பிள்ளையின் தட்டுக்கு எதுவும் வந்து சேராது.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இதற்கு வறுமை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எனப் பல காரணங்கள் உண்டு. வீட்டில் உணவு இருந்தும் பிள்ளைக்குப் போய்ச் சேராததும் ஒரு காரணம். முதல் இரண்டு வயதில் விட்ட வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

பிள்ளையின் வயிறு சிறியது. கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் உணவு இருக்கட்டும். ஆறு மாதம் முடிந்ததும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை சில கரண்டி. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. பருப்புச் சோற்றில் சிறிது நெய் விடுங்கள். முட்டை, முள் எடுத்த மீன், வேகவைத்து மசித்த ஈரல், கீரை, பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். தேநீர் வேண்டாம், உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு போட்டுவிடாதீர்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு ஆண்டு பாலூட்டுவதைப் பேசுகிறது. அதே வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால் கொடுக்கும் தாய் எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் வீட்டில் அந்தப் பொறுப்பு நிறைவேறவில்லை. இருவரும் கலந்து பேசி முடிவெடுப்பதையும் அதே வசனம் சொல்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள். வாப்பாமார்களே, சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதில் முட்டை வாங்கி வாருங்கள். மாமிமார்களே, உங்கள் கையாலேயே அதை மசித்து ஊட்டுங்கள். தாய்மார்களே, மாதம் ஒருமுறை எடை பார்த்து, அட்டையை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். முட்டை வாங்கவும் சிரமப்படும் குடும்பங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். வெளியில் தெரியாமல் உதவுவோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தாய் அடுத்த முறை மாமியையும் அழைத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.