உங்க சனிக்கிழமை யாருடையது?

“ஊர்ப்பக்கம் போயிட்டா நேரம் கிடைக்கும், ஊருக்கு ஏதாவது செய்யலாம்” – நம்மில் நிறைய பேருக்கு இந்த ஆசை உண்டு. இன்னைக்கு அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

தென்காசி பக்கத்துல மத்தளம்பாறை. குற்றாலம் கூப்பிடு தூரம்தான். 2011-ல் ஜோஹோ அங்கே ஆபீஸ் திறந்தது. 2019-ல் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவுல இருந்து அங்கேயே குடிவந்தார். 2020 ஊரடங்குல பள்ளிக்கூடங்கள் மூடினப்போ, ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அவரே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கூடினாங்க, ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தாங்க, அது இலவசப் பள்ளியா வளர்ந்தது.

கவனிங்க, ஓய்வு நேரத்துல தொடங்கினதுக்கே பிறகு சம்பள ஆள் தேவைப்பட்டது. அதுவும் அவர் கம்பெனியையே நடத்தினவர். நமக்கு? காலைல மீட்டிங், வீட்ல வயசான அப்பா, ஸ்கூல் போற குழந்தை. சாரல் சீசன் வந்தா தென்காசி வீடுகள்ல விருந்தாளிக் கூட்டம் வேற.

சின்ன ஊர்ல “முடியாது”ன்னு சொல்றதும் கஷ்டம். கேட்டவரை நாளைக்கே டீக்கடையில பார்க்கணும். நீங்க ஒருநாள் வரலைன்னா பிள்ளைங்க வாசல்லயே காத்திருப்பாங்க. நீங்க போற ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் வீட்ல ஒருத்தர் தன் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கிறாங்க. பெரும்பாலும் அது அம்மாவோ மனைவியோதான்.

அதனால ஊர்ல வாக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி வீட்ல கேளுங்க. வாரம் ரெண்டு மணி நேரம்னா ரெண்டே மணி நேரம். கூட இன்னொருத்தரைச் சேர்த்துக்கோங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் வகுப்பு நிக்கக் கூடாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.