கவலையை அசைபோடும் மனம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் துயரத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனிக் குடும்பங்கள் யாவும் ஒருங்கே கூடும் நாள் இதுவே. ஆதலின் இங்கே பேசத் துணிந்தேன்.

பசு தின்ற புல்லை அசைபோடுகின்றது, உணவு செரிக்கின்றது. மனமும் துன்பத்தை அசைபோடுகின்றது. ஆனால், எத்துணை முறை மென்றாலும் அது செரிப்பதில்லை. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்னும் வினா விடை தேடுவதன்று; தன்னையே சுற்றிச் சுழல்வது.

துன்பம் வேறு, துன்பத்தை அசைபோடுதல் வேறு. இதனை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியல் அறிஞர் சூசன் நோலன்-ஹோக்சிமா. 1989 அக்டோபர் 17-இல் கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவரும் உடனாய்வாளரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்தம் மனநிலையைக் கேட்டுக் குறித்திருந்தனர். நடுக்கத்திற்குப் பின் பத்தாம் நாளும், ஏழு வாரம் கழித்தும் மீண்டும் கேட்டனர். முன்னரே சோர்வுற்றிருந்தோரும், சோர்வை அசைபோடும் வழக்கமுடையோரும் இருமுறையும் மிகுந்த மனச்சோர்வுடன் காணப்பட்டனர். இம்முடிவு 1991-இல் வெளியாயிற்று.

காரணம் யாது? சோர்ந்த மனம் சோர்வான நினைவுகளையே தேடி எடுக்கின்றது. ஊரில் தந்தையார் நோயுற்றார் என்று செய்தி வருகின்றது. உடனே புறப்பட விடுப்பில்லை. அன்றிரவு உறக்கம் வாராது. என்றோ கேட்ட சுடுசொல்லும், கைநழுவிய பதவி உயர்வும், மகனின் குறைந்த மதிப்பெண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒரு கவலை பத்தாகின்றது. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுதல், தம்பிக்குப் பணம் அனுப்புதல் போன்ற செய்யக்கூடிய செயல்களோ செய்யப்படாமலே நின்றுவிடுகின்றன.

இத்தகையோரிடம் 'நினையாதே' என்பதால் பயனில்லை. தடுக்கத் தடுக்க மனம் அதனையே நாடும். முதலில் மனத்திற்குச் சிறிதுநேரம் வேறு வேலை கொடுத்தல் வேண்டும். நடக்கலாம், சமைக்கலாம், குழந்தைக்குப் பாடம் சொல்லலாம். சோர்வு சற்றே தணிந்தபின், 'ஏன்?' என்பதை விடுத்து, 'அடுத்து என்ன செய்வது?' என்று கேட்டல் வேண்டும். நாளைக்குரிய ஒரு செயலைத் தாளில் எழுதி வைப்பினும் போதும்.

சோர்வு இரண்டு வாரத்திற்கு மேலும் நீங்காதிருப்பின், அல்லது உயிரை வெறுக்கும் எண்ணம் எழுமாயின், ஒரு நாளும் தாழ்த்தாதீர்கள். மனச்சோர்வு சோம்பலன்று, குணக்கேடுமன்று, மருத்துவத்தால் தீரும் நோய். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

அன்பர்களே! சுற்றத்தை விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றம். அடுத்த வீட்டார் பல நாள் முகங்காட்டாதிருந்தால் சென்று கதவைத் தட்டுங்கள். 'ஏன் வரவில்லை?' என்று கேளாதீர்கள். 'வாருங்கள், சிறிது தூரம் நடந்து வருவோம்' என்று அழையுங்கள். நம் சங்கம் செய்யத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்று.